கல்லே பட்டா: ஜார்க்கண்ட் பிறந்த கதை

ராஞ்சியிலிருந்து தெற்கே குந்தி மாவட்டத்துக்குள் நுழைந்தால், முண்டா ஊர்களின் ஓரத்தில் பெரிய பெரிய பலகைக் கற்கள் கிடப்பதைப் பார்க்கலாம். சின்னக் கற்களைக் கால்போல முட்டுக்கொடுத்து, அவற்றின் மேல் படுக்கவைத்த கற்கள். அடியில் அந்த ஊரின் முன்னோர்களுடைய எலும்புகள் இருக்கின்றன. 'சசந்திரி' என்று பெயர். காட்டைத் திருத்தி ஊரை உண்டாக்கிய குலத்தாருக்கு மட்டுமே அங்கே இடம். பிறகு பிழைக்க வந்து குடியேறியவர் எத்தனை தலைமுறை அங்கே வாழ்ந்திருந்தாலும் அந்தக் கல்லுக்கு அடியில் போக முடியாது. ஆகவே, "இந்த நிலம் உன்னுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று ஒரு முண்டாவிடம் கேட்டால், அவர் பெட்டியைத் திறந்து காகிதம் தேட மாட்டார். கல்லைக் காட்டுவார்.

கல்லைக் காட்டியவர்களிடம் காகிதம் கேட்ட ஒரு நிர்வாகம் வந்தது. அன்றைக்குத் தொடங்கிய வழக்கு 250 ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. வில்லும் அம்பும் எடுத்து நடந்திருக்கிறது, மனுக்கொடுத்து நடந்திருக்கிறது, தேர்தலில் நின்று நடந்திருக்கிறது. 2000 நவம்பர் 15 அன்று இந்தியாவின் 28ஆவது மாநிலமாக ஜார்க்கண்ட் பிறந்தபோது, வழக்கு தங்கள் பக்கம் தீர்ந்துவிட்டது என்று அந்த மக்கள் நம்பினார்கள். நிலத்தின்மீது ஊருக்கு இருந்த உரிமையைத்தான் அவர்கள் கேட்டார்கள். மாநிலம் அதற்கு வழி என்று நினைத்தார்கள். வழி கிடைத்துவிட்டது. உரிமை இன்னும் முழுதாக வந்துசேரவில்லை.

காடு திருத்தியவர்கள்

சோட்டாநாக்பூர் பீடபூமியும், அதற்கு வடகிழக்கே கங்கையைத் தொட்டு நிற்கும் ராஜ்மகால் மலைகளும் சேர்ந்ததுதான் இன்றைய ஜார்க்கண்டின் உடல். முண்டா, சந்தால், ஹோ, காரியா மக்களின் மொழிகள் ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஓராவோன் மக்கள் பேசும் குடுக்கும், ராஜ்மகால் மலையின் பகாடியாக்கள் பேசும் மால்தோவும் திராவிட மொழிகள். தமிழுக்கு அவ்வளவு வடக்கே, கங்கைக்கரை அருகில் ஓர் உறவு இருப்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். நேதர்ஹாட் பக்கத்து அசுர்கள் சால் மரக் கரியில் இரும்பு உருக்கியவர்கள். பிர்ஹோர்கள் கொடி நார் உரித்துக் கயிறு திரித்துக்கொண்டு காடு காடாகப் போனவர்கள்.

முண்டாக்களின் நில முறைக்குக் 'குண்ட்கட்டி' என்று பெயர். காட்டை முதலில் வெட்டித் திருத்திய குலம்தான் அந்த ஊரின் எல்லைக்குள் வரும் வயல், மேடு, காடு, நீர்நிலை எல்லாவற்றுக்கும் கூட்டு உரிமையாளர். அரசனுக்குக்கூட அதில் பங்கில்லை. மரியாதைக்கு ஏதோ கொடுத்தால் உண்டு. காட்டைத் திருத்தும்போதே ஒரு துண்டு சால் தோப்பை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். அதுதான் 'சர்ணா', ஊர்த்தெய்வம் குடியிருக்கும் இடம். வசந்தத்தில் சால் பூத்ததும் அங்கே சர்ஹுல் திருவிழா. பல ஊர்கள் சேர்ந்தால் ஒரு 'பட்ஹா'. பிணக்குகள் அங்கே தீரும். ஹோ மக்களிடம் ஊருக்கு ஒரு முண்டாவும், பல ஊர்களுக்கு ஒரு மான்கியும். சந்தால்களிடம் மாஞ்ஜி, பர்கனா. நாடு என்று நாம் இன்று சொல்கிற எந்த அமைப்பும் வருவதற்கு முன்பே ஊர் தன்னைத்தானே ஆண்டுகொண்டிருந்தது.

அதற்குள் முதல் விரிசல் அரண்மனை வழியாக வந்தது. நாகவம்சி அரசர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து அமர்த்தியதாக முண்டாக்களின் மரபுக்கதை சொல்கிறது. அந்த வம்சத்தில் வந்த துர்ஜன் சாலை ஜஹாங்கீரின் படை பிடித்துப்போய்க் குவாலியர் கோட்டையில் அடைத்தது. சங்க் ஆற்று மணலில் கிடைத்த வைரங்கள்மீது பேரரசருக்குக் கண். நல்ல வைரத்தையும் போலியையும் பிரித்துச் சொல்லி அவர் விடுதலை பெற்றார் என்பது கதை. ஊர் திரும்பியவர், வட இந்திய அரண்மனைகளைப் பார்த்த கண்ணோடு திரும்பினார். தனக்கும் ஒரு தர்பார் வேண்டும் என்று புரோகிதர்களையும் படைவீரர்களையும் வியாபாரிகளையும் அழைத்தார். அவர்களுக்கும் அவர் பின்னால் வந்தவர்கள் அழைத்துவந்தவர்களுக்கும் ஊர்கள் மானியமாகப் போயின. கல்லுக்குச் சொந்தமான ஊர், யாரோ ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் ஊராக மாறியது. வெளியிலிருந்து வந்து நிலத்தைப் பறிப்பவனை ஜார்க்கண்டில் இன்றும் 'திக்கு' என்றுதான் சொல்கிறார்கள்.

ரத்தத்துக்குப் பின் வந்த சட்டங்கள்

1765இல் வங்காளம், பீகார், ஒரிசாவின் வரிவசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அரசன் கம்பெனிக்குக் கட்ட வேண்டும், ஜமீன்தார் அரசனுக்குக் கட்ட வேண்டும், எல்லாச் சுமையும் கடைசியில் உழுபவன் தலையில். கட்ட முடியாதவன் வட்டிக்கு வாங்கினான். வட்டி நிலத்தைத் தின்றது. வழக்காடப் போனால் தெரியாத மொழியில், தூரத்து ஊரில் கச்சேரி.

1831 டிசம்பரில், முண்டா, ஹோ, ஓராவோன் மக்கள் எழுந்த கோல் கிளர்ச்சி வெடித்தது. சோட்டாநாக்பூர் அரசனின் தம்பி, மான்கிகளின் பரம்பரை ஊர்களை வெளியூர்க் குத்தகைக்காரர்களுக்குக் கொடுத்ததுதான் உடனடிக் காரணம். கிளர்ச்சியை அடக்கிய கம்பெனி, அதன்பிறகு இந்த மண்ணுக்குத் தனி நிர்வாகம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. வில்கின்சன் என்ற அதிகாரி வகுத்த விதிகள் ஹோ மக்களின் கோல்கான் பகுதியில் மான்கி, முண்டா பதவிகளை அங்கீகரித்தன. முதலில் துப்பாக்கி, பிறகு சட்டம். இந்த வரிசை இனி மாறவே மாறாது.

சந்தால்களின் கதை இன்னும் கொடுமையானது. ராஜ்மகால் அடிவாரத்தில் 'தாமின்-இ-கோ' என்று எல்லை வகுத்து, காடு திருத்த அவர்களை அரசே வரவழைத்தது. அவர்கள் வந்தார்கள், திருத்தினார்கள். விளைந்த இடத்துக்கு லேவாதேவிக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். இவர்களிடம் இரண்டு அளவுக் கூடைகள் இருந்தன. சந்தாலிடம் தானியம் வாங்கும்போது 'கேனாராம்' என்ற பெரிய கூடை. அவருக்கு விற்கும்போது 'பேச்சாராம்' என்ற சின்னக் கூடை. எழுதப்படிக்கத் தெரியாத மனிதர் நூல்கயிற்றில் முடிச்சுப்போட்டுக் கணக்கு வைத்திருப்பார். கச்சேரியில் அந்த முடிச்சு செல்லாது. அப்பன் கடனுக்கு மகன் பண்ணையடிமையாக உழைத்தான். நம்மூரில் கந்துவட்டியைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சால் மரக் கிளை ஊர் ஊராகப் போனது. அதுதான் அழைப்பு. 1855 ஜூன் 30 அன்று போக்னாடி கிராமத்தில் பத்தாயிரம் பேர் கூடினார்கள். சித்து, கானு, சாந்த், பைரவ் என்ற நான்கு சகோதரர்கள் முன்னே நின்றார்கள். பூலோ, ஜானோ என்ற சகோதரிகளையும் சந்தால்கள் மறப்பதில்லை. கல்கத்தா வரை நடந்துபோய் முறையிடுவது என்று கிளம்பியவர்களைத் தடுக்கவந்த தரோகா (போலீஸ் அதிகாரி) வழியிலேயே கொல்லப்பட்டார், நடைப்பயணம் போராகிவிட்டது. இதைத்தான் 'ஹூல்' என்கிறார்கள். அம்புக்கு எதிரே துப்பாக்கியும் யானைகளும். நவம்பரில் இராணுவச் சட்டம். மாண்டவர்கள் பதினைந்தாயிரத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சித்துவும் கானுவும் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் 'சந்தால் பர்கனா' என்று தனி மாவட்டம் அமைத்துச் சட்டம் போட்டது அரசு. இந்தியச் சிப்பாய்கள் எழுவதற்கு முன்பே இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது. நம் பாடப்புத்தகங்கள் 1857க்குக் கொடுக்கும் இடத்தில் பாதிகூட இதற்குக் கொடுப்பதில்லை. அது பெரிய குறை.

அடுத்து பிர்சா. 1875 நவம்பர் 15இல் உலிஹாத்துவில் பிறந்த முண்டா வீட்டுப் பிள்ளை. ஆடு மேய்த்தார், மிஷன் பள்ளியில் படித்தார், பாதிரிமாருடன் முரண்பட்டு வெளியேறினார். இருபது வயதில், மழைக்கும் நோய்க்கும் பிரார்த்திக்க வந்த கூட்டத்திடம் அவர் நிலத்தைப் பற்றிப் பேசினார். 'தர்த்தி ஆபா', பூமித்தந்தை என்றார்கள் மக்கள். 1895இல் கைதாகி இரண்டு வருடச் சிறை. வெளியே வந்தபிறகு காட்டுக்குள் இரவுக்கூட்டங்கள். 1899 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் 'உல்குலான்' என்ற பெருங்கிளர்ச்சி தொடங்கியது.

இதில் நான் நின்று பார்க்க விரும்புவது எட்கேடி என்ற ஊரின் ஒரு வீட்டை. பிர்சாவின் தளபதிகளில் ஒருவரான கயா முண்டாவின் வீடு அது. 1900 ஜனவரி முதல் வாரத்தில் டெபுடி கமிஷனரே போலீசுடன் வந்து வீட்டைச் சூழ்ந்தார். கயா வாளோடு வந்தார். மனைவி மாக்கி கம்பெடுத்தார். மகன்களும் மருமகள்களும் கோடரியும் கையில் அகப்பட்டதும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு குடும்பம் முழுவதும் ஒரு படையை எதிர்த்து நின்றது. கயாவைத் தூக்கிலிட்டார்கள். மாக்கிக்கு இரண்டு வருடச் சிறை. மூன்று நாள் கழித்து, ஜனவரி 9 அன்று, சைல் ரகாப் குன்றில் திரண்டிருந்தவர்கள்மீது துருப்புகள் சுட்டன. பெண்களும் குழந்தைகளும் அதில் செத்தார்கள். எத்தனை பேர் என்பதில் அரசாங்கக் கணக்கும் ஊர்க்கணக்கும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. பிப்ரவரியில் பிடிபட்ட பிர்சா ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில் இறந்தார். காலரா என்றது சிறை. வயது 24.

எட்டு வருடம் கழித்து, 1908 நவம்பரில், சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. குண்ட்கட்டி உரிமை காகிதத்தில் ஏறியது. பழங்குடி நிலத்தை வெளியார் வாங்குவதற்குக் கடிவாளம் விழுந்தது. முண்டாக்களிடையே வாழ்ந்து 'என்சைக்ளோபீடியா முண்டாரிகா'வைத் தொகுத்த ஹாஃப்மன் பாதிரியாரின் பங்கு இச்சட்டத்தில் உண்டு. ஆனால் அதை வாங்கிக்கொடுத்தவர்கள் சைல் ரகாபில் கிடந்தவர்கள்தான் என்றே நான் சொல்வேன். இன்றுவரை ஜார்க்கண்டில் ஓர் ஆதிவாசியின் கையில் வயல் மிச்சமிருக்கிறது என்றால், இந்தச் சட்டமும் 1949இன் சந்தால் பர்கனா குத்தகைச் சட்டமும்தான் முக்கியமான காரணங்கள்.

பூமிக்கு அடியில் இருந்த வினை

சட்டம் மேல்மண்ணைக் காத்தது. அடியில் நிலக்கரி, இரும்பு, செம்பு, மைக்கா, பின்னாளில் யுரேனியம். நாட்டின் நிலக்கரி இருப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இங்கேதான். சாக்சி என்ற ஊரில் டாட்டாவின் உலை எழுந்தது, 1912இல் முதல் எஃகு வார்த்தார்கள், 1919இல் அந்த ஊர் ஜாம்ஷெட்பூர் ஆனது. ஜரியாவில் 1916இல் நிலத்தடியில் பிடித்த தீ நூறாண்டு கடந்தும் அணையவில்லை. நிலம் இழந்தவர்களைப் பிடித்து அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ரயிலேற்றினார்கள். இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் போனதைப் போலவே, அசாமுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் பெரும்பாலும் திரும்பவில்லை.

சுதந்திரம் வந்தபின் வேகம் கூடியது. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அணைகளைக் கட்டியது. 1959 டிசம்பர் 6 அன்று பாஞ்சேத் அணையைத் திறக்க நேரு வந்தார். அணையில் வேலைபார்த்த புத்னி மேஜான் என்ற சந்தால் பெண், பதினைந்து பதினாறு வயதுதான் இருக்கும், அவருக்கு மாலை போட்டு வரவேற்றார். பொத்தானை நீயே அழுத்து என்று நேரு சொல்ல, புத்னியின் கையால் அணை இயங்கத் தொடங்கியது. பத்திரிகைகளில் படம் வந்தது. ஊருக்குத் திரும்பிய பெண்ணிடம், ஓர் ஆணுக்கு மாலை போட்டுவிட்டாய், அவர் உனக்குப் புருஷன், சந்தால் அல்லாதவருக்கு மாலையிட்டவளுக்கு ஊரில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். 1962இல் கழகத்து வேலையும் போனது. அவருடைய ஊர் அதற்கு முன்பே அந்த அணையின் நீரில் முழுகியிருந்தது. 1980களில் வேலை திரும்பக் கிடைத்தது என்பதும், மலையாள எழுத்தாளர் சாரா ஜோசப் அவரை வைத்து நாவல் எழுதினார் என்பதும் பின்கதை. 2023 நவம்பரில் அவர் இறந்தார். அரசும் அவரைக் கைவிட்டது, ஊரும் கைவிட்டது. ஆதிவாசிச் சமூகத்தைப் பேசும்போது அதன் பஞ்சாயத்து ஒரு பெண்ணுக்கு இழைத்த இந்த அநீதியை மூடிமறைப்பது நேர்மையாகாது.

ஹாக்கி மட்டையும் அரசியல் நிர்ணய சபையும்

தனி மாநிலம் என்ற கோரிக்கைக்கு முகம் கொடுத்தவர் ஜெய்பால் சிங் முண்டா. குந்திப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர். ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தபோது, ஹாக்கிக்கு விடுப்பில்லை என்றதும் ஹாக்கியைத் தேர்ந்தெடுத்தார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் தங்கம் வென்ற இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன். 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார். 'மரங் கோம்கே', பெருந்தலைவர் என்றார்கள். 1946 டிசம்பர் 19 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, காட்டுவாசி என்று பிறர் ஏளனமாகச் சொல்வதைத் தாம் பெருமையாக ஏற்பதாகச் சொன்னார். ஆதிவாசிகளுக்கு ஜனநாயகம் கற்றுத்தர வேண்டாம், அதை அவர்களிடம் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பட்ஹாவில் வயல்காரனும் தலைவனும் ஒரே தரையில் உட்கார்ந்து முடிவெடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அதைச் சொல்ல முழு உரிமை பெற்றவர்.

சுதந்திரம் வந்து ஐந்தே மாதத்தில், 1948 ஜனவரி 1 அன்று, கர்சாவான் சந்தையில் துப்பாக்கிச் சூடு. கர்சாவான், சராய்கேலா சமஸ்தானங்களை ஒரிசாவோடு இணைப்பதை எதிர்த்துக் கூடிய ஆதிவாசிகள்மீது ஒரிசாப் போலீஸ் சுட்டது. அரசுக் கணக்கு 35 பேர். ஆயிரம் இரண்டாயிரம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஆண்டே இரு பகுதிகளும் பீகாருக்கு மாற்றப்பட்டன. ஊரெல்லாம் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் நாளில் கர்சாவானில் நினைவஞ்சலி நடக்கிறது.

1952 தேர்தலில் ஜெய்பாலின் ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சி ஆனது. ஆனால் 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. ஆதிவாசிகள் அங்கே பெரும்பான்மை இல்லை, எல்லோருக்கும் பொதுவான மொழி இல்லை, பிரிந்தால் பீகாரின் பொருளாதாரம் குலையும் என்பவை காரணங்கள். கனிமம் எடுக்கவும் உலை கட்டவும் வெளியாட்கள் குவிந்ததால்தான் விகிதம் குறைந்தது. அந்தக் குறைவையே காரணமாகக் காட்டி உரிமையை மறுத்தது எனக்கு இன்றும் ஏற்க முடியாத வாதம். 1963இல் ஜெய்பால் கட்சியைக் காங்கிரசில் இணைத்தார். தொண்டர்கள் உடைந்துபோனார்கள்.

அடுத்த தலைமுறை வயலிலிருந்து வந்தது. லேவாதேவிக்காரர்களால் தகப்பனைப் பறிகொடுத்த சிபு சோரன், அடகுபோன வயல்களில் ஆதிவாசிகளே இறங்கி நெல் அறுக்கும் போராட்டத்தை நடத்தினார். 1970களின் தொடக்கத்தில் வினோத் பிகாரி மஹதோ, ஏ.கே. ராய் ஆகியோருடன் சேர்ந்து ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். சுரங்கத் தொழிலாளியும் குர்மி விவசாயியும் ஆதிவாசியும் ஒரே கொடியின் கீழ் வந்தது அப்போதுதான்.

சிங்பூமில் இன்னொரு தீ. வனவளர்ச்சிக் கழகம் சால் மரங்களை வெட்டிவிட்டுத் தேக்கு நட்டது. தேக்கு விற்றால் பணம். சால் மரமோ, இலை தைத்தால் தட்டு, விதை ஆட்டினால் எண்ணெய், குச்சி ஒடித்தால் பல்துலக்க, பூத்தால் திருவிழா. தேக்கின் கீழே ஆட்டுக்குக்கூட ஒன்றும் கிடைக்காது. சால் என்றால் ஜார்க்கண்ட், தேக்கு என்றால் பீகார் என்று கோஷம் எழுந்தது. மக்கள் தேக்குக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 1980 செப்டம்பர் 8 அன்று குவாவில் ஊர்வலத்தின்மீது சூடு நடந்தது. மோதலில் போலீசாரும் இறந்தார்கள். காயம்பட்டு மருத்துவமனைக்குப் போன ஆதிவாசிகளை அங்கேயே வைத்துச் சுட்டார்கள்.

மாநிலம் வந்தபின்

பீகார், வங்காளம், ஒரிசா, மத்தியப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களின் ஆதிவாசி மாவட்டங்களைச் சேர்த்துக் கேட்டது பெரிய ஜார்க்கண்ட். கிடைத்தது பீகாரின் 18 மாவட்டங்கள் மட்டும். பிர்சாவின் பிறந்தநாளில் மாநிலம் உதயமானது. பாபுலால் மராண்டி முதல் முதல்வர். சட்டமன்றத்தில் 81 இடங்கள், 2011 கணக்கெடுப்பில் பழங்குடியினர் 26 சதவீதம். முதல் பதினான்கு ஆண்டுகளில் முதல்வர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மூன்று முறை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. இதை விரிவாகச் சொல்லிப் பயனில்லை.

சொல்ல வேண்டியது தப்காரா. கோயல், காரோ ஆறுகளில் 710 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்கு எதிராக முண்டா ஊர்கள் பல்லாண்டுகளாகப் போராடிவந்தன. திட்டத்து வண்டிகள் உள்ளே வராமலிருக்க ஊரார் குறுக்கே தடுப்பு போட்டிருந்தார்கள். போலீஸ் அதைப் பிடுங்கியது. கேள்வி கேட்டவர்களை அடித்தது. 2001 பிப்ரவரி 2 அன்று தப்காரா காவல் நிலையத்துக்கு முன் கூடியவர்கள்மீது சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். மாநிலம் பிறந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. 1900இல் வெள்ளைக்காரர் சுட்ட குன்றும் இந்தக் காவல் நிலையமும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. அந்தத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது.

2016இல் சொந்த மாநில அரசே, வேளாண் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற வசதியாக இரண்டு குத்தகைச் சட்டங்களையும் திருத்த முயன்றது. தெருவெல்லாம் எதிர்ப்பு. அப்போதைய ஆளுநர் திரௌபதி முர்மு 2017இல் மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். ஒரு சந்தால் பெண் காத்த சட்டங்கள் அவை. அடுத்து குந்தி ஊர்களில் ஆளுயரக் கற்கள் முளைத்தன. கிராமசபையின் அதிகாரங்களை, அரசியல் சட்டத்தில் பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாவது அட்டவணையைப் பச்சை வண்ணம் பூசிய கல்லில் எழுதி ஊர் நுழைவில் நட்டார்கள். 'பத்தல்கடி' என்று பெயர். அரசு இதைத் தேசத்துரோகம் என்றது. முதல் தகவல் அறிக்கைகளில் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்தது. 2019 டிசம்பரில் பதவியேற்ற ஹேமந்த் சோரன் அரசின் முதல் அமைச்சரவைக் கூட்டத்தில் அந்த வழக்குகளைத் திரும்பப்பெற முடிவானது. அரசியல் சட்டத்தைக் கல்லில் எழுதியவர்கள்மீது தேசத்துரோக வழக்கு போட்டது, இந்தக் குடியரசு வெட்கப்பட வேண்டிய செயல்.

வழக்குகளைப் பற்றி ஒரு முடிவு வந்தது, ஆனால் அவற்றைப் போட்ட ஆட்சியில் விழுந்த இன்னொரு முடிச்சு அவிழவில்லை. ஊர்ப் பொதுநிலங்களை, அதாவது மேய்ச்சல் மேடு, சர்ணாத் தோப்பு, ஆற்றங்கரை, பாதை ஆகியவற்றையும் சேர்த்து, 20 இலட்சம் ஏக்கருக்கும் மேல் ஒரு 'நில வங்கி'யில் பட்டியலிட்டு, முதலீட்டாளர் பார்ப்பதற்கு இணையத்தில் ஏற்றினார்கள். கிராமசபைகளின் ஒப்புதல் இல்லாமல் தங்கள் நிலம் அதில் ஏறிவிட்டதாக ஊர்கள் முறையிடுகின்றன. மாடு மேயும் இடம் யாருடைய பெயரிலும் பட்டா ஆகாது. ஆகவே அது தரிசு, ஆகவே அது அரசுக்குச் சொந்தம் என்ற பழைய கச்சேரியின் தர்க்கம்தான் இதற்குள்ளும் இருக்கிறது. அந்தப் பட்டியலை ரத்து செய்து, ஒவ்வொரு சர்வே எண்ணையும் அந்தந்தக் கிராமசபையின் முன்வைத்து, அது யாருடையது என்று ஊரையே சொல்லவிட வேண்டும். 2024 நவம்பரில் 81இல் 56 இடங்களை வென்று மீண்டும் ஆட்சிக்கு வந்திருக்கும் கூட்டணிக்கு அதைச் செய்யும் பலம் இருக்கிறது.